சிரிக்காமல் சிரிக்க வைத்தவரைச் சண்டைக்காரர் ஆக்கிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமா பக்கத்தில் ‘பேட்டியில் பொங்கிய பிரபலங்கள்’ என்று ஒரு தொகுப்பு வந்திருந்தது. அதில் அமெரிக்க நடிகர் சார்லஸ் குரோடினையும் சேர்த்து, “தொகுப்பாளர்களை மதிக்கத் தெரியாமல் வாய்ப்புகளை இழந்த கோபக்கார நடிகர்” என்று ஒரே வரியில் அவர் கதையை முடித்துவிட்டீர்கள். போகட்டும், நமக்கென்ன என்று இதழை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அந்த வரி விட மாட்டேன் என்கிறது.

உலக சினிமா பற்றி வாராவாரம் எங்களுக்கு வகுப்பெடுக்கும் தங்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அச்சுக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அந்தச் சண்டை, கோபம், முறைப்பு எல்லாமே வேஷம். தொகுப்பாளருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரியாதது பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். அதுதான் வேடிக்கையே.

எண்பதுகளின் கடைசியில் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தேன். என்பிசி தொலைக்காட்சியில் இரவு 11.30-க்கு ஜானி கார்சனின் பேட்டி நிகழ்ச்சி, அது முடிந்ததும் 12.30-க்கு டேவிட் லெட்டர்மேனின் பேட்டி நிகழ்ச்சி. காலையில் வேலைக்குப் போகிறவன் பார்க்கக் கூடாத நேரம். பார்த்தேன். குரோடின் வந்து உட்காருவார். தொகுப்பாளர் சம்பிரதாயமாக நலம் விசாரிப்பார். மற்ற நடிகர்களாக இருந்தால் அங்கேயே புதுப்பட விளம்பரத்தைத் தொடங்கிவிடுவார்கள். இவரோ, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்களா, இல்லை ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்கிறீர்களா என்று கார்சனையே மடக்குவார். கடன் கேட்கப் போன வீட்டில் அவமானப்பட்டுத் திரும்பியவர் மாதிரி ஒரு குரல். உதட்டோரத்தில் ஒரு துடிப்புக்கூட இருக்காது. கேலி என்று காட்டிக்கொடுக்கிற ஒரு கண் ஜாடை, ஒரு தலையசைப்பு, எதுவும் கிடையாது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் இவர் எப்போது எழுந்து போவார் என்று பார்ப்பார்கள்.

என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பருக்கு முதல் தடவை பார்த்தபோது வந்த கோபம் இருக்கிறதே! “யாருய்யா இவன், கார்சன் மாதிரி பெரிய மனுஷன் கேட்கிறார், மரியாதையா பதில் சொன்னா என்ன?” என்று தலையணையைத் தூக்கி எறிந்தார். லெட்டர்மேன் தன்னைப் பற்றிப் பேசுவது அவதூறு என்று குரோடின் ஒரு வக்கீலையே கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தாரே, அதைப் பார்த்தபோது நண்பர், “கேஸ் நிற்காது” என்று எனக்குச் சட்டம் சொன்னார். ஆனால் குரோடின் வருகிற இரவுகளில் எனக்கு முன்னால் டிவி எதிரில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். இப்படிக் கோபப்பட்டவர் அவர் மட்டும் இல்லை. இந்த ஆளை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று அமெரிக்க நேயர்களே கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பார்த்தவர்கள், மன்னித்துவிடலாம். ஒரு பத்திரிகை அலுவலகம் பட்டப்பகலில் எழுதியதை என்ன செய்வது?

சரி, வாய்ப்புகளை இழந்தார் என்கிறீர்கள். எதை இழந்தார்? மரியாதை தெரியாத ஒருவரைக் கார்சனும் லெட்டர்மேனும் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்களா? 1993-இல் லெட்டர்மேன் போட்டித் தொலைக்காட்சியான சிபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு அங்கேயும் போய் முறைத்தார். 1988-இல் வந்த ‘மிட்நைட் ரன்’ படத்தில் ராபர்ட் டி நீரோவோடு சரிக்குச் சரி நின்றார். ரவுடிக் கும்பலின் பணத்தைச் சுருட்டித் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட்ட கணக்குப்பிள்ளை வேஷம். கைது செய்து இழுத்துப் போகிறவனிடமே சிகரெட் உடம்புக்கு ஆகாது என்று விடாமல் புத்தி சொல்வார். பேட்டிகளில் பார்த்த அதே முகம், அதே குரல். தொண்ணூறுகளின் நடுவில் படங்களை விட்டு ஒதுங்கியது மகனோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று அவரே எடுத்த முடிவு. 1995 முதல் 1998 வரை சிஎன்பிசி தொலைக்காட்சியில் அவரே பேட்டி நிகழ்ச்சி நடத்தினார். நியூயார்க்கின் கடுமையான போதைப்பொருள் சட்டங்களால் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த பெண்களுக்காகவும் குரல் கொடுத்தார். தங்கள் கோபக்காரர் நிஜமாகவே கோபப்பட்டது அங்கேதான்.

தங்கள் உதவி ஆசிரியர் எதை நினைத்து அந்த வரியை எழுதியிருப்பார் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. 1977 அக்டோபரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியைக் குரோடின் தொகுத்து வழங்கினார். ஒத்திகைக்கே வராதவர் போல நடித்து, ஒவ்வொரு காட்சியிலும் முழித்து, குழப்பி, சுருட்டைமுடி விக் ஒன்றை மாட்டிக்கொண்டு, பாடகர் பால் சைமனின் பழைய ஜோடிப் பாடகர் கார்ஃபங்கல் மாதிரி சைமனோடு பாடப் போய், சைமன் பாதியில் எழுந்து போகிற அளவுக்கு ரகளை. அதற்கப்புறம் அந்த நிகழ்ச்சியைத் தொகுக்க அவரைக் கூப்பிடவில்லை என்பது உண்மை. ஆனால் எழுந்து போன அந்த சைமனின் தொலைக்காட்சி சிறப்பு நிகழ்ச்சி அதே டிசம்பரில் வந்தது. அதை எழுதிய குழுவில் குரோடினும் உண்டு, அதற்கு எம்மி என்ற தொலைக்காட்சி விருதும் வாங்கினார்கள். அதற்கும் முன்னால், 1969-இல், சைமன், கார்ஃபங்கல் இருவரையும் வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சியை இயக்கியவரும் இவரே. சண்டைக்காரர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் தங்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லாமல் யார் எதைச் சொன்னாலும் தங்கள் பத்திரிகைக்குப் புரிவதில்லை என்பது எனக்குப் பழைய அனுபவம். சில வருஷங்களுக்கு முன் தங்கள் ராசிபலன் பகுதியில் மேஷத்துக்கும் மீனத்துக்கும் ஒரே பலனை அச்சடித்திருந்தீர்கள். “எங்கள் வீட்டில் நான் மேஷம், மனைவி மீனம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பணவரவு வருவது இதுவே முதல் தடவை, தங்கள் ஜோதிடருக்கு நன்றி” என்று எழுதிப் போட்டேன். அதைக் கட்டம் கட்டி, ‘பலித்தது பலன்! வாசகர் நெகிழ்ச்சி’ என்று தலைப்புக் கொடுத்து வெளியிட்டீர்கள். எவ்வளவு வந்தது என்று கேட்டுச் சொந்தக்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருவர் கைமாற்றுக் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார். தவறைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய இரண்டாவது கடிதம் மட்டும் இன்றுவரை வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

அப்புறம் தங்கள் பேட்டிகள். யார் எதைச் சொன்னாலும் ‘என்கிறார் சிரித்தபடி’, ‘என்று கண் சிமிட்டுகிறார்’, ‘புன்னகை மாறாமல் தொடர்கிறார்’. ஒரு நடிகர் தன் முதுகுத்தண்டு ஆபரேஷனைப் பற்றிச் சொன்னதற்கும் ‘கலகலவெனச் சிரிக்கிறார்’ என்று போட்டிருந்தீர்கள். பாவம், எதற்குச் சிரித்தாரோ. இப்படி எழுதிப் பழகிய கைக்கு, சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சண்டைக்கு வந்தவராகத்தான் தெரிவார்.

புகைப்படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்சனோடும் லெட்டர்மேனோடும் எத்தனையோ படங்கள் இருக்கும்போது, 1992-இல் வந்த ‘பீத்தோவன்’ படத்தின் பெரிய நாயோடு அவர் நிற்கும் படத்தைப் போட்டு, கீழே ‘கோபத்தில் குரோடின்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது படத்தில் வரும் காட்சி, ஐயா. கோபம் நாயின் மேல்.

அவர் 2021 மே மாதம் 86 வயதில் காலமானபோது, ரசிகர்கள் தேடித் தேடிப் பகிர்ந்துகொண்டது இந்தப் பேட்டித் துண்டுகளைத்தான். நானும் என் பழைய அறை நண்பருக்கு ஒன்றை அனுப்பினேன். “இப்பவும் சொல்றேன், இவனுக்குத் திமிர்” என்று பதில் வந்தது. அதன் கீழேயே, வேறு இருந்தால் அனுப்பு என்று இன்னொரு செய்தி. அப்போது தங்கள் இதழில் அவருக்காக ஒரு வரி அஞ்சலிகூட வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து அவர் பெயர் முதன்முதலாக அங்கே வருவது இப்படியா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே சினிமா பக்கத்தில், அதே எழுத்து அளவில், ‘சார்லஸ் குரோடின் பேட்டிகளில் காட்டிய கோபம் நடிப்பு’ என்று ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஏதாவது இரண்டு ராசிகளைச் சேர்த்து ஒரே பலனாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் தங்களுக்குப் பழக்கம் உண்டு.

இந்தக் கடிதத்தில் எது கிண்டல், எது நிஜம் என்று சந்தேகம் வந்தால் தயங்காமல் போன் செய்யவும். என் எண் தங்கள் சந்தாப் பிரிவில் இருக்கிறது. கட்டி முடித்த சந்தாவைக் கேட்டு மாதாமாதம் அவர்கள்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்