கீஸ்டோன் இல்லாத பட்டியல்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய, கொலராடோவின் நான்கு பனிச்சறுக்கு மலைகளின் பட்டியலும் கிடைத்தன. நவம்பர் மூன்றாம் வாரத்தில், வெள்ளி இரவு டென்வரில் இறங்கி, சனியும் ஞாயிறும் சறுக்கிவிட்டுத் திங்களன்று திரும்புவதற்கு லவ்லண்ட், அரபாஹோ பேசின், பிரெக்கன்ரிட்ஜ், காப்பர் மவுண்டன் ஆகியவற்றுள் எது ஏற்றது என்று கேட்டிருக்கிறாய். பனிச்சறுக்குப் பலகையில் ஒருநாளும் கால் வைத்திராத தகப்பனிடம் இந்த யோசனையைக் கேட்கத் தோன்றியதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டியலில் அதே வட்டாரத்துக் கீஸ்டோன் மலை இல்லாததைக் கண்டபோது எழுத விட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ பட்டியல் போட்டு எதையும் விட்டுவிடுகிறவள் அல்ல என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

முதலில் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பருவத் தொடக்கத்தில் மலையின் பெயரையும் வரைபடத்தையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது வீண். வரைபடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாதைகள் இருந்தாலும், அந்த வாரத்தில் திறந்திருப்பவை ஒரு சிலவாகத்தான் இருக்கும். அவையும் இயற்கைப் பனியால் அல்ல, இயந்திரங்கள் இரவெல்லாம் தூவிய பனியால் மூடப்பட்டவையாக இருக்கும். அந்த இயந்திரங்களுக்கு வேண்டியது வெறும் குளிர் அன்று, குளிரும் வறட்சியும் சேர்ந்த காற்று. ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அவை வேலை செய்யத் தொடங்கும். காற்று நன்றாக வறண்டிருந்தால் வெப்பமானி பூஜ்யத்தைக் காட்டும்போதே இது கைகூடும். கொலராடோ மலைகள் மற்ற இடங்களை முந்திக்கொண்டு அக்டோபரிலேயே கதவைத் திறப்பதற்கு அவற்றின் உயரமும் வறண்ட இரவுகளும்தான் காரணம். ஆகவே நீ அன்றாடம் பார்க்க வேண்டியது எத்தனை அங்குலம் பனி விழுந்தது என்ற எண்ணை அல்ல. ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் எத்தனை ஓடுகின்றன, உச்சியிலிருந்து அடிவாரம் வரை சறுக்கி இறங்க வழி இருக்கிறதா என்ற இரண்டையும்தான்.

அரபாஹோ பேசின் எனக்குப் பிடித்த மலை. 1946ஆம் ஆண்டு தொடங்கியது. அடிவாரமே 10,780 அடி, உச்சி 13,050 அடி. யார் முதலில் திறப்பது என்று லவ்லண்டோடும் கீஸ்டோனோடும் ஆண்டுதோறும் போட்டியிடும் இடம் அது. ஆனால் தொடக்கத்தில் அங்கே பெரும்பாலும் ஹை நூன் என்ற ஒரே பாதையில்தான் அத்தனை பேரும் இறங்குவார்கள். இப்படிப்பட்ட பாதையை அங்குள்ளவர்களே உயிர் வாங்கும் வெள்ளை நாடா என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலிதான் என்றாலும், புதிதாகக் கற்றவனும் பந்தயக்காரனும் ஒரே குறுகிய பட்டையில் மோதிக்கொள்ளும் வாய்ப்பு நிஜம். கீழே செல்பவருக்கே முன்னுரிமை என்பது விதி; பின்னால் வருகிறவன் அந்த விதியைப் படித்திருக்கிறானா என்பது உனக்கு எப்படித் தெரியும்? மேலும் அங்கே அடிவாரத்தில் தங்கும் விடுதி கிடையாது. கீஸ்டோனிலோ டில்லனிலோதான் தங்க வேண்டியிருக்கும்.

லவ்லண்ட் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனாவர் சுரங்கத்தின் கிழக்கு வாயிலுக்கு அருகிலேயே இருப்பதால், 1973இல் திறந்த அந்தச் சுரங்கத்தைக் கடக்காமலேயே போய்விடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு லவ்லண்ட் வேலி என்று தனிப் பகுதியும் உண்டு. அங்கும் அடிவாரத்தில் விடுதி இல்லை; ஐடஹோ ஸ்பிரிங்ஸிலோ ஜார்ஜ்டவுனிலோ தங்கிக் காரில் போய்வர வேண்டும். கார் என்றதும் சொல்கிறேன். டாட்செரோ முதல் மாரிசன் வரை அந்தச் சாலையில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை தகுந்த டயரோ சக்கரச் சங்கிலியோ இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது சட்டம். வாடகைக் காரை வாங்கும்போது டயரை நீயே குனிந்து பார். சென்ற குளிர்காலங்களில் அந்தச் சாலையில் மாப்பிள்ளைதான் ஓட்டினார். இந்த முறை உன் கடிதத்தில் ஓட்டுநர் ஒருவர் என்று மட்டும் இருந்தது. அது நீ என்றே எடுத்துக்கொள்கிறேன். உனக்கு ஓட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. இருட்டில், பனிக்காற்றில், பழக்கமில்லாத காரில் ஓட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடியில் இருக்கிறது. அதன் இம்பீரியல் எக்ஸ்பிரஸ் 12,840 அடி வரை ஏறும், வட அமெரிக்காவின் மிக உயரமான நாற்காலி லிஃப்ட் என்ற பெயர் அதற்கு உண்டு; நவம்பர் நடுவில் அது ஓடும் என்று நம்பிப் போகாதே. அங்கே கடைத்தெருவின் கலகலப்பு உண்டு, நடந்தே எங்கும் போகலாம், ஆனால் நீ போவது கடைத்தெருவுக்கு அல்லவே.

இப்போது கீஸ்டோனைப் பற்றி. கணக்குப் போட்டுப் பார்த்தால் நவம்பருக்கு அதுதான் முதலில் நிற்கிறது. செயற்கைப் பனி தூவும் ஏற்பாடு அங்கே வலுவானது, அடிவாரத்திலேயே தங்கலாம், அடிவாரம் 9,280 அடி என்பதால் இரவுத் தூக்கமும் பிரெக்கன்ரிட்ஜைவிடச் சற்றே எளிது. ரிவர் ரன் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியின் கீழே நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து நீங்கள் இருவரும் இறங்கி வருவதற்காகக் காத்திருந்த இடம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எண்கள் அப்படிச் சொல்கின்றன. பல மலைகளுக்கும் செல்லுபடியாகும் பருவச்சீட்டான எபிக் பாஸ் இருந்தால் அதே பாஸில் பிரெக்கன்ரிட்ஜும் கிடைக்கும். நீயோ இந்த ஆண்டு பாஸ் எதுவும் வாங்கவில்லை என்றும் ஒருநாள் டிக்கெட் எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறாய். எடுப்பதானால் முன்கூட்டியே எடு. அன்று காலை ஜன்னலில் போய் வாங்குவதுதான் எங்கும் மிகுந்த விலை. கீஸ்டோன் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு மேல் நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பலகைகளை அங்கேயே வாடகைக்கு எடுக்கப் போவது நல்ல முடிவு. சென்ற ஆண்டு வாங்கிய பலகைகள் இருக்கும்போது எதற்கு வாடகை என்று உன் அம்மா கேட்டாள். பருவத் தொடக்கத்தில் பனிக்கு அடியிலேயே கல் நிற்கும், அது பலகையின் அடிப்பாகத்தைக் கீறிவிடும் என்று பதில் சொன்னேன். அது உண்மையும்கூட.

தனியாகப் போனால் லிஃப்டில் ஒற்றையருக்கான வரிசையில் விரைவாக ஏறலாம் என்று எழுதியிருந்தாய். அதில் மறுப்பில்லை. ஆனால் உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் ஏறிய சில மணி நேரங்கள் கழித்து, முதல் இரவில்தான் வெளிப்படும். ஏறக்குறைய 8,000 அடிக்கு மேல் தூங்கும் எவருக்கும் இது நேரலாம், இளமையும் உடல்வலுவும் இதைத் தடுப்பதில்லை. அறையில் இன்னொருவர் இருந்தால் பேச்சுக் குழறுவதையும் நடை தள்ளாடுவதையும் அவர் கவனித்துக் கீழே அழைத்துப் போவார். ஆகவே வெள்ளி இரவு மலையேறாதே. 5,280 அடி உயரத்தில் உள்ள டென்வரிலேயே தூங்கு. சனிக்கிழமை அரைநாள் போகட்டும். மறுபடியும் சொல்கிறேன், வெள்ளி இரவு மலையேறாதே.

அதேபோல் கயிறு கட்டி மூடிய பகுதிக்குள் நுழையாதே. அக்டோபரில் வடக்குச் சரிவில் விழுந்த மெல்லிய பனி, அடியிலிருக்கும் தரையின் வெதுவெதுப்புக்கும் மேலே உள்ள காற்றின் கடுங்குளிருக்கும் இடையே கிடந்து சர்க்கரைபோல் உதிரியாகிவிடுகிறது. அதன்மேல் நவம்பரில் புதுப்பனி கனத்து விழுந்தால் முழுப் படலமும் சரிந்து வரும். ஸ்கி பேட்ரோல் என்ற மலைப் பாதுகாப்புக் குழுவின் ஆட்கள் கயிற்றுக்கு உள்ளே இருக்கும் சரிவைத்தான் சோதித்துத் திறக்கிறார்கள். எல்லைக்கு வெளியே அந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும் இடத்தில்தான் நீ எப்போதும் முதலில் கால் வைப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இவையெல்லாவற்றையும் வைத்து நான் காப்பர் மவுண்டனைச் சொல்கிறேன். அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியினர் நவம்பரில் வேகப் பயிற்சி செய்யும் தளம் அங்கே இருப்பதால், மலையை முன்கூட்டியே பனியால் மூடுவதில் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். மலையின் அமைப்பே மேற்கில் எளிய சரிவுகளும் கிழக்கில் கடினமானவையுமாகப் பிரிந்திருக்கிறது. முழுதும் திறக்காத வாரத்தில் இந்தப் பிரிவு பாதியளவே பயன்படும் என்றாலும், ஒரே நாடாவில் எல்லாரும் நெருங்குவது அரபாஹோவைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு முக்கியமான காரணம் வேறு. அங்கே கார் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து ரயிலில் டென்வர் யூனியன் ஸ்டேஷன், அங்கிருந்து சனி காலை பஸ்டாங் பேருந்தில் ஃபிரிஸ்கோ, ஃபிரிஸ்கோவிலிருந்து சம்மிட் ஸ்டேஜ் என்ற இலவசப் பேருந்தில் மலை. ஞாயிறு மாலை ஐ-70 டென்வரை நோக்கி அடைத்துக்கொள்ளும், நீ திங்களன்று புறப்படுவதால் அதுவும் உனக்கு இல்லை. திங்கள் விமானத்தை மட்டும் பிற்பகலுக்கு மாற்றிக்கொள். பேருந்து நேரங்களை இன்றே பார், இருக்கையைப் பதிவு செய்.

சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் லிஃப்ட் நின்றதும் அழைத்துப் பேசு. செய்தி அனுப்பினால் போதாது, உன் குரல் கேட்க வேண்டும். சென்ற மாதம் முழுவதும் செய்திகளாகவே வந்தன. உன் அம்மா அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

ஃபிரிஸ்கோவில் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை ஒருவருக்கென்று பதிவு செய்வதா, இருவருக்கென்று பதிவு செய்வதா என்பதை மட்டும் எழுது. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் காரணம் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா