பெற்றோருக்கு ஒரு கடிதம்: ஞாயிற்றுக்கிழமை பேண்டுக்குப் பின்னால் நடக்கிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு தமிழ் வகுப்பு கிடையாது, அன்று பிள்ளைகளை லோயர் நைன்த் வார்டு பகுதிக்கு அழைத்துப் போகிறோம் என்று போன வாரம் சொல்லி அனுப்பியிருந்தேன். பேண்டோடு தெருவில் நடப்போம் என்றும் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த போன்களில் பாதி ஒரே கேள்விதான். ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், அது சாவு ஊர்வலம்தானே? சின்னப் பிள்ளைங்களை அதுக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அன்று நாம் எந்த இறுதி ஊர்வலத்துக்கும் போகவில்லை. பியானோ வாசித்துப் பாடிப் புகழ்பெற்ற ஃபேட்ஸ் டோமினோ வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம். அங்கே பெரிய பிள்ளைகள் அவரைப் பற்றித் தாங்கள் எழுதியதைத் தமிழில் வாசிப்பார்கள். பிறகு ஐந்து இளம் வாத்தியக்காரர்கள் முன்னால் வாசித்துப் போக, நாம் பின்னால் நடப்போம். அவ்வளவுதான். ஆனால் அந்த நடைக்கு இந்த ஊரில் ஒரு பெயரும் வரலாறும் உண்டு. அது சாவோடு கலந்ததுதான், மறைக்கவில்லை.

இந்த ஊரில் ஒரு வாத்தியக்காரர் இறந்தால் சக வாத்தியக்காரர்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள். தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகும்போது மெதுவான துக்கப் பாட்டு. அடி மேல் அடி வைத்து, பாதி நின்று பாதி நடந்து போவார்கள். ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள்கள் இருக்கும். 'சர்ர்' என்ற சத்தம் அவற்றால்தான் வருகிறது. துக்க நடையின்போது அவற்றைத் தளர்த்தி விட்டுவிடுவார்கள். அப்போது அந்த டிரம்மில் 'தொம், தொம்' என்று மூச்சடைத்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். உடலுக்கு விடை கொடுத்த பிறகு டிரம்காரர் குனிந்து அந்தக் கம்பியை இழுத்து மாட்டுவார். 'டர்ர்ர்' என்று ஒரு உருட்டு. ட்ரம்பெட் மேலே ஏறும். அந்த நிமிடத்திலிருந்து ஆட்டம்தான். குடை விரியும், கைக்குட்டை பறக்கும், அழுதுகொண்டிருந்தவர்களே ஆடுவார்கள். ட்ரெமே பகுதியில் முதல் தடவை இதைப் பார்த்தபோது அந்தக் கம்பி மாட்டுகிற கையைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சின்னக் கொக்கி. அதை மாட்டியதும் தெருவே மாறிவிட்டது.

பேண்டு, குடும்பத்தார், சங்கத்தார் போவது முதல் வரிசை. பேண்டுச் சத்தம் கேட்டு வீட்டை விட்டு இறங்கிப் பின்னால் சேர்ந்துகொள்கிற ஊர்ஜனம் இரண்டாம் வரிசை. 'செகண்ட் லைன்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அழைப்பிதழ் கிடையாது, டிக்கெட் கிடையாது. இப்போது சாவுக்கு மட்டும் என்று இல்லை. கோடைக் காலம் நீங்கலாக அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு சங்கம் செகண்ட் லைன் நடத்துகிறது.

இந்தச் சங்கங்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் வீட்டிலும் பேசுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்களுக்குக் காப்பீடு கொடுக்க ஆள் இல்லாத காலத்தில், அவர்களே காசு சேர்த்து நடத்திய பரஸ்பர உதவிச் சங்கங்கள் இவை. 1884-ல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் நோய்க்கு மருத்துவர், செத்தால் அடக்கச் செலவு, கூடவே ஒரு பேண்டு. கூலி வேலை செய்தவர்கள் தங்கள் கடைசிப் பயணத்துக்கு வாத்தியம் வேண்டும் என்று காசு எடுத்து வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

சரி, ஃபேட்ஸ் டோமினோவுக்கு வருகிறேன். 1928 பிப்ரவரி 26-ல் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் பேசியது பிரெஞ்சு வழி வந்த கிரியோல். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வளர்வது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? அக்காள் கணவர் ஹாரிசன் வெரெட் பியானோ கற்றுக்கொடுத்தார். 1949 டிசம்பரில் ராம்பார்ட் தெருவில் கோசிமோ மட்டாசாவின் சிறிய ஸ்டூடியோவில் முதல் பாட்டைப் பதிவு செய்தார். கூட இருந்தவர் ட்ரம்பெட் வாசிக்கும் டேவ் பார்த்தலோமியூ. ராக் அண்ட் ரோல் எப்போது பிறந்தது என்று பேச்சு வந்தால் அந்தப் பதிவையும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 1956-ல் 'ப்ளூபெர்ரி ஹில்' உலகம் முழுக்கப் போனது. கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்ற மனிதர் எங்கே வேண்டுமானாலும் மாளிகை கட்டிக்கொண்டிருக்கலாம். அவர் பிறந்த வார்டிலேயே, காஃபின் அவென்யூவில் வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தபோதும் அங்கேதான் இருந்தார். கரை உடைந்து வார்டு முழுகியது. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து யாரோ வீட்டுச் சுவரில் அஞ்சலி வாசகம் எழுதிவிட்டுப் போனார்கள். உண்மையில் அவரும் குடும்பமும் மீட்கப்பட்டிருந்தார்கள். ஆனால் வீட்டிலிருந்த பியானோ தண்ணீரில் போனது. பிறகு அந்த வெள்ளை ஸ்டெய்ன்வேயை அருங்காட்சியகத்தார் எடுத்துச் சீர்செய்து, ஜாக்சன் சதுக்கத்தில் உள்ள பிரெஸ்பிட்டேர் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அங்கே போகிறவர்கள் பிள்ளைகளை அதன் முன்னால் இரண்டு நிமிடமாவது நிறுத்துங்கள். புயல் என்றால் என்ன என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை அந்தப் பியானோ பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

2017 அக்டோபர் 24-ல், 89 வயதில், ஆற்றுக்கு அக்கரையில் ஹார்வியில் காலமானார். நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கிற நாள் அது. அன்று மாலை பைவாட்டர் பகுதியில் வான்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தின் வாசலில் ஊர் கூடியது. வேலை நாள்தான், புதன்கிழமை. பள்ளிவிட்ட பிள்ளைகள் முதுகுப்பையோடு, ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தவர்கள் அப்படியே, கைத்தடியோடு வந்த தாத்தாக்கள். ட்ரம்பெட்டும், உடம்பைச் சுற்றி மாட்டி ஊதுகிற பெரிய சூசாஃபோனும் முன்னால் போக, கால்வாயைத் தாண்டி அவருடைய வீடு வரை ஜனம் நடந்தது. நானும் நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு பேஸ் டிரம்காரர். டிரம்மின் தலையில் ஒரு ஜால்ரா திருகியிருந்தது. ஒரு கையில் டிரம் கோல், இன்னொரு கையில் துணி மாட்டுகிற கம்பியை வளைத்துச் செய்த குச்சி. அந்தக் குச்சியால் ஜால்ராவை அடித்துக்கொண்டே போனார். கடையில் வாங்குகிற குச்சியில் அந்த ஓசை வராதாம். பக்கத்தில் ஒரு பாட்டி, யாரென்று தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் வீட்டுத் திண்ணைகளில் ஆட்கள் எழுந்து நின்று பாடினார்கள். யாருக்கும் வரிகளைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2022-ல் அவர் வாழ்ந்த தெருவுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது அந்தத் தெருவில்.

இந்த இடத்தில் என் சொந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பறை வரும். அந்த அடியில் கிழவர்கள்கூட ஆடுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அந்தத் தாளத்தைக் கேட்டால் கால் தானாக அசையும். ஆனால் அடித்தவர்களை வாசலோடு நிறுத்திவைத்தார்கள். தண்ணீர் கேட்டால் தனிக் குவளையில்தான். அவர்களில் ஒரு பெரியவர் இறந்தபோது எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. எத்தனை வீட்டு மனிதர்களை அந்தக் கை வழியனுப்பியிருக்கும்! அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரை அங்கே எல்லோரும் சாதிப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் தெருவில் அந்தப் பாட்டியின் கையைப் பிடித்து நடந்தபோது அந்தப் பெரியவர் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. "சாவு மேளம்" என்று நாம் முகம் சுளிப்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்க உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். வாசித்தவருக்குப் பின்னால் ஊரே நடக்கிற இடத்தில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. என் மூச்சிருக்கும்வரை இதை வகுப்பில் சொல்வேன்.

ஆசிரியராக இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். விமான நிலையத்திலேயே இருக்கிறதே. 1913 புத்தாண்டு பிறக்கிற ராத்திரி தெருவில் துப்பாக்கி வெடித்ததற்காகப் பிடித்துச் சிறுவர் இல்லத்தில் போட்ட பையன் அவர். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர்தான் அவர் கையில் ட்ரம்பெட் மாதிரியான கார்னெட்டைக் கொடுத்தார். அந்த இல்லத்துப் பையன்களின் பேண்டு நகரத் தெருக்களில் வாசித்துக்கொண்டு போகும். லூயி வளர்ந்த தெரு வழியாகப் போனபோது அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பார்த்துக் காசு போட்டார்களாம். 'உருப்படாத பையன்' என்று பேர் வாங்கியவனை அதே தெரு அப்படி வரவேற்றது. கத்ரீனாவுக்குப் பிறகு, 2007-ல், ரீபர்த் பிராஸ் பேண்டின் டிரம்காரர் டெரிக் டாப் 'ரூட்ஸ் ஆஃப் மியூசிக்' என்று தொடங்கி, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தெருவில் வாசிக்கிறவர்கள் திரும்பத் திரும்பப் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். இந்த ஊரின் பாட்டு நிற்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

2020 ஏப்ரல் 1-ல் எல்லிஸ் மர்சாலிஸ் கொரோனாவில் போய்விட்டார். ஜாஸ் பியானோக்காரர். விண்டன், பிரான்ஃபோர்ட் போன்ற பிள்ளைகளின் அப்பா. அதைவிட, இந்த ஊரின் கலைப்பள்ளியில் இருந்து டெரன்ஸ் பிளாஞ்சார்ட், ஹாரி கானிக் ஜூனியர் போன்ற மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர். கூட்டம் கூடக் கூடாது என்று ஊர் அடங்கிக் கிடந்த நேரம். அவருக்குப் பின்னால் தெருவில் நடக்க முடியவில்லை. ஒரு வாத்தியாருக்கு, அதுவும் இந்த ஊரில், பேண்டு இல்லாமல் விடை கொடுத்த அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்கும்போது மனசுக்குள் அவருக்காகவும் சில அடி நடக்கப்போகிறேன்.

இனி ஏற்பாடுகள். காலை பத்து மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும், மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவோம். ஊர்வலத்துக்கு நகராட்சி அனுமதி வாங்கியாகிவிட்டது. மொத்தம் ஒரு மைலுக்கும் குறைவான நடைதான். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைகளின் இன்ஹேலரைப் பையில் போட்டு எனக்கும் சொல்லிவிடுங்கள். சூசாஃபோன் பக்கத்தில் சத்தம் காதைப் பிளக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தனுப்புங்கள். கூட வருகிற பெற்றோர் யாரும் படம் எடுப்பதற்காகப் பேண்டின் முன்னால் ஓடக் கூடாது. வாத்தியக்காரர்களின் வழியை மறிப்பது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. அந்தத் தெருவில் இப்போதும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். திண்ணையில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் பள்ளி கொடுக்கிறது. விருப்பப்பட்டால் பிள்ளைகள் கையால் ஒரு டாலர், இரண்டு டாலர் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது வாத்தியக்காரர் முகத்தைப் பார்த்து, அவர் பெயரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

ஒரு உதவியும் வேண்டும். வீட்டில் பழைய குடை இருந்தால் இந்த வாரம் கொடுத்தனுப்புங்கள். கம்பி வளைந்திருந்தாலும் பரவாயில்லை. கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை, பாவாடைத் துண்டு, குஞ்சம், எது இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து குடைகளை அலங்கரிக்கப் போகிறோம். இதுவரை பதினொரு குடை வந்திருக்கிறது, பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர்.

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வியாழனுக்குள் கொடுத்துவிடுங்கள். இன்னும் மனம் ஒப்பாதவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியர்