காலணியைக் கழற்றி நிற்பவன் எழுதும் மடல்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் பாதுகாப்பு விதிகளை வகுப்போருக்கு,

வணக்கம்.

பயணிகளைச் சோதிப்பதே வீண் வேலை என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்பவர்கள் 1973-க்கு முந்தைய கதையை மறந்தவர்கள். 1968 தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள். துப்பாக்கியோடு ஏறி ‘கியூபாவுக்குத் திருப்பு’ என்பது ஏறக்குறைய வாடிக்கையாகிவிட்டது. 1972 நவம்பரில் மூன்று பேர் ஒரு விமானத்தைக் கடத்தி, ஓக் ரிட்ஜ் அணு உலை மீது மோதப்போவதாக மிரட்டினார்கள். அடுத்த ஜனவரியில் எல்லாப் பயணிகளுக்கும் சோதனை கட்டாயமானது. கடத்தல்கள் மளமளவென்று குறைந்தன. (கடத்திவருவோரைத் தண்டிக்கவோ திருப்பி அனுப்பவோ கியூபா ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். முழுப் பெருமையையும் உலோகம் கண்டறியும் கருவிக்கே கொடுத்துவிட முடியாது.)

துப்பாக்கியோடு வருபவனை அந்த வாசல் தடுக்கிறது, சரி. அதற்கு மேல் அடுக்கிய விதிகளில்தான் எனக்குச் சந்தேகம்.

2001 டிசம்பரில் ரிச்சர்ட் ரீட் காலணிக்குள் வெடிமருந்தோடு பாரிஸில் சோதனையைத் தாண்டி ஏறினார். அவரை மடக்கியவர்கள் பணிப்பெண்களும் சக பயணிகளும். 2006-இல் திரவ வெடிமருந்துச் சதியை முறியடித்தது பிரிட்டிஷ் போலீசும் உளவுத்துறையும். சதிகாரர்கள் விமான நிலையத்தை எட்டவே இல்லை. ஆனாலும் நம் பையில் எந்தப் புட்டியும் 100 மில்லியைத் தாண்டக்கூடாது என்றானது. 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடைக்குள் குண்டோடு ஏறிய இளைஞரைப் பற்றி அவருடைய தந்தையே அமெரிக்கத் தூதரகத்தில் எச்சரித்திருந்தார். அதைக் காதில் வாங்காததற்குப் பரிகாரம், நம் எல்லோருக்கும் உடல் ஸ்கேனர். காலணிக்குக் கிடைத்த ‘கழற்று’ என்ற தீர்ப்பு உள்ளாடைக்குக் கிடைக்கவில்லையே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: ‘வராமல் போன திருடனை எப்படி எண்ணுவது?’ நியாயமான கேள்விதான். நல்ல குண்டைக் கொண்டுவர வழியில்லாததால்தான் ரீட் காலணியைப் பற்றவைக்கத் தீக்குச்சியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எண்ணக்கூடியதையாவது காட்டுங்கள். 2015-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆட்கள் பயணிகள்போல் போலி ஆயுதங்களோடும் போலிக் குண்டுகளோடும் போனார்கள். 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை. செய்தி கசிந்ததால்தான் அது நமக்குத் தெரியும்.

கடத்தலுக்கு உண்மையான தடை, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு வலுப்படுத்தப்பட்ட விமானி அறைக் கதவும், இனி சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பயணிகள் கற்ற பாடமும்தான் என்பது என் கணிப்பு. அந்தக் கதவுக்கும் ஒரு விலை இருந்தது. 2015-இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி அதே கதவைப் பூட்டித் தலைமை விமானியை வெளியே நிறுத்திவிட்டு, விமானத்தை மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு சோமாலியாவின் மொகதிஷுவில் சோதனையைத் தாண்டிய பிறகு குண்டு வைத்த லேப்டாப் கைமாறியது, விமான நிலைய ஊழியர் மூலமாக. வேலியே பயிரை மேயும்போது என் பெல்ட்டை ட்ரேயில் போட்டு என்ன ஆகப்போகிறது?

சோதனை வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள். 2011-இல் மாஸ்கோவின் தொமொதேதவோ விமான நிலைய வருகைக் கூடத்தில் குண்டு வெடித்து 37 பேர் இறந்தார்கள். 2016-இல் பிரஸ்ஸல்ஸில் குண்டு வெடித்தது, பயணிகள் பைகளோடு பதிவுக்கு நின்ற புறப்பாட்டுக் கூடத்தில். ஒரு விதியைக் கூட்டினால் வரிசை நீள்கிறது. நீளும் வரிசையும் கூட்டம்தானே?

கேட்பது பெரிதல்ல. விமானப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லும் உங்கள் 17-ஆவது பின்னிணைப்பில் ஒரு வரி சேருங்கள்: புதிய சோதனை விதி எதுவானாலும் அதற்கு ஒரு மறுஆய்வுத் தேதி வேண்டும், அந்தத் தேதியில் அது எதைத் தடுத்தது என்று பொதுவில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் காலணி கழற்றும் விதி 2006-இல் வந்து 2025-இல்தான் போனது. 19 ஆண்டுகள்! ஊழியர்களின் பின்னணி விசாரணைக்கும் உளவுத் தகவலைப் பகிர்வதற்கும், ஸ்கேனர் வாங்கும்போது காட்டும் அவசரத்தில் பாதியையாவது காட்டுங்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெல்ட் ட்ரேயில் போய்விட்டதால் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கும் ஒரு பயணி