விழுந்தவர்கள் எத்தனை பேர், ஏறிய மரம் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கள் இறக்கும் மரமேறிகள் தென்னையிலிருந்து விழுவது பற்றிய செய்தியையும் பஞ்சாயத்துவாரி அட்டவணையையும் படித்தேன். இந்தத் தொழிலாளிகளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதிகம் பேர் விழுந்த பஞ்சாயத்தை ‘ஆபத்தில் முதலிடம்’ என்று போட்டது சரியில்லை.

அங்கே தோப்புகள் அதிகம். ஒரு ஊரில் 3,000 மரத்தில் கள் இறக்கி 9 பேர் விழுந்தார்கள், பக்கத்து ஊரில் 500 மரத்துக்கு 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மரத்துக்கு முதல் ஊரில் 3, அடுத்ததில் 6. பாதுகாப்புப் பட்டையும் பயிற்சியும் முதலில் போக வேண்டியது சின்ன ஊருக்கு. வெறும் எண்ணிக்கையை நம்பினால் அங்கே கடைசியில்தான் போகும்.

வகுத்துப் போட்டால் போதுமே என்பார்கள். போதாது. 500 மரத்துக்கு 3 பேர், 5,000 மரத்துக்கு 30 பேர்; வகுத்தால் இரண்டுமே ஆயிரத்துக்கு 6தான். இன்னும் ஒருவர் விழுந்திருந்தால் முதலாவது 8 ஆகிவிடும், இரண்டாவது 6.2தான். எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது வகுத்தலில் தொலைந்துபோகிறது.

இதற்குப் பாய்சான் தொடர்புப்போக்கு என்று ஒரு புள்ளியியல் முறை உண்டு; எதனால் எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது என்று அது கணக்கிடும். அதில் எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே வைத்துக்கொண்டு, மரங்களின் எண்ணிக்கையின் மடக்கையை (லாக்) ‘ஆஃப்செட்’ ஆக, அதாவது பங்கை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்ட உறுப்பாகச் சேர்ப்போம். அதன் கெழு (அதைப் பெருக்கும் எண்) எப்போதும் 1. அதாவது மரம் இரண்டு மடங்கானால் எதிர்பார்க்கும் விபத்தும் இரண்டு மடங்கு. மழை, மர உயரம், பட்டை கட்டும் பழக்கம் இவற்றின் பங்கு அப்புறம் தனியாகத் தெரியும். மடக்கை எடுக்காமல் 3,000 என்று அப்படியே கொடுத்துவிடுவது மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கணக்கு முழுக்கக் குலைந்துவிடும்.

மரத்தை மட்டும் எண்ணினாலும் பத்தாது. காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளை சீவுகிற தொழில் இது. வருஷம் முழுக்கச் சீவிய மரத்தையும் இரண்டே மாதத்தில் விட்டுவிட்ட மரத்தையும் ஒன்றாக எண்ண முடியாது. மரம்-மாதம் என்று எண்ணுவதே நியாயம். பெரிய தோப்பில் ஒரே ஆள் கூடுதல் மரம் ஏறிக் களைத்துப்போகிறார் என்று சந்தேகம் இருந்தால், கெழுவை 1 என்று கட்டிவைக்காமல் விட்டுப் பார்க்கலாம். அது 1ஐத் தெளிவாகத் தாண்டினால் வேலைப்பளுவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச், இதே பாய்சான் கணக்கை வைத்துப் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களைக் கணக்கிட்டபோது, 14 படைப்பிரிவுகளில் அமைப்பு வேறுபட்ட 4ஐ ஒதுக்கிவிட்டு மீதி 10ஐத் தனியே பார்த்தார். அளவு வேறுபடுகிறது என்பதற்காக இன்றைக்கு நாம் எந்த ஊரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

கள் இறக்கும் மரங்களுக்குக் கலால் துறை எண் போட்டு வரி வாங்குகிறது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, அடுத்த முறை விழுந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அட்டவணை தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நானும் என் மாணவர்களும் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை