குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை: முத்தோரைக் கம்பிகளும் நம் பிள்ளைகளும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. காட்டெருமை இறங்கும் வழியை அடைப்பது பற்றி மூன்று கூட்டம் பேசித் தீர்மானமும் போட்டோம். தீர்மானம் காட்டெருமைகளுக்கு எட்டவில்லை. உருப்படியாக நடந்தது பிள்ளைகளின் ஞாயிறு வகுப்புதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாலாடா பக்கம் கேரட் ஏற்றப் போகிறவர்கள் எல்லோரும் நம் ஊட்டிப் பக்கத்து முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்த்திருக்கிறோம். ஆனால் "அது என்னப்பா செய்யுது?" என்று பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். முதல் வகுப்பை நானே எடுத்தேன். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காகக் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கியது என்று எழுதி வைத்து வாசித்தேன். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரும் பாதியில் அணைந்தது. பின்வரிசை தூங்கிவிட்டது. தவறு என்னுடையது.

அடுத்த வாரம் உறுப்பினர் ஒருவர் நீளவாக்கில் பிளந்த மூங்கிலோடு வந்தார். டெலஸ்கோப் என்பது இந்தப் பிளந்த மூங்கில்தான், குழிவான பக்கம் வானத்தைப் பார்க்கும், விண்பொருள்களிலிருந்து வந்து விழும் ரேடியோ அலைகள் நடுவில் ஒரே கோட்டில் குவியும் என்றார். அந்தக் கோட்டில்தான் 1056 சிறிய ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன.

"துணி காயப்போடுற மாதிரி கம்பிதானே இருக்கு, அலை ஓட்டை வழியா போயிடாதா?" என்றாள் ஒரு சிறுமி. நல்ல கேள்வி. சல்லடையைக் காட்டினோம். நொய் இறங்கும், அரிசி நிற்கும். முத்தோரையில் பிடிக்கும் அலையின் நீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். குழிவான பரப்பாக இழுத்துக் கட்டிய 1100 எஃகுக் கம்பிகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளி அதற்குப் போதாது, பட்டுத் திரும்பிவிடும். காற்று மட்டும் புகுந்து போகும். நம் ஊர் மூடுபனியும் இந்த அலைகளை மறைப்பதில்லை. இதைக் கேட்டதும், பனியால் பள்ளிக்குத் தாமதமாகும் பையன்களுக்குப் பொறாமை.

மலைச்சரிவில் ஏன் கட்டினார்கள்? ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரி. வடக்கே உயர்ந்து அதே அளவு சாய்ந்த சரிவைத் தேடி எடுத்தார்கள். அதனால் டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிட்டது. மூங்கிலை அதேபோல் சாய்த்துக் கிழக்கிலிருந்து மேற்கே உருட்டிக் காட்டினோம். அந்த ஒரே திருப்பத்தில் வானத்தின் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். சரி, வடக்கு தெற்காக? அதற்கு எதையும் அசைப்பதில்லை. சாய்வாக வரும் அலை ஒரு முனைக்கு முதலில் வரும், மறு முனைக்குப் பிந்தி வரும். முந்தியதை நிறுத்தி வைத்துப் பிந்தியதோடு சேர்த்துக் கூட்டினால் அந்தத் திசை தெளிவாகக் கேட்கும். கடைசி ஆள் வரும்வரை மினி பஸ்ஸை நிறுத்தி வைக்கிற கதைதான் என்றதும் சிரித்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது நிலா விளையாட்டு. விளக்கை அணைத்து, ஒருவன் விண்பொருளாக டார்ச் பிடிக்க, இன்னொருவன் தட்டை நிலாவாக்கிக் குறுக்கே நடந்தான். புள்ளி போன்ற ஒளி சட்டென்று மறைந்தது. டார்ச்சுக்கு வெள்ளைத்தாள் சுற்றி அகலமாக்கியதும் மெல்ல மெல்ல மறைந்தது. நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். ஆகவே மறையும் நேரத்தை வைத்துத் ரேடியோ அலை அனுப்பும் தொலைதூர விண்பொருளின் இடத்தையும் பருமனையும் அறியலாம். டெலஸ்கோப்பைக் கட்டியதே முதன்மையாக இதற்குத்தான்.

"பாட்டு கேட்குமா?" என்று கடைசிவரை கேட்ட பொடியனுக்கு, இரைச்சல்தான் வரும், அதைத்தான் கணக்குப் போடுகிறார்கள் என்றோம். அவன் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனான்.

மூங்கில் சங்க அறையில் பத்திரமாக இருக்கிறது. அன்று டார்ச்சை எடுத்துப் போனவர், பேட்டரி தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து திருப்பித் தரவும்.

செயலாளர்