குட்டையில் பட்டி மாடு, கொல்லையில் புள்ளிமான்: மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்: சீகூர்க் காட்டோரக் கிராமத்துப் பொதுமக்கள் சார்பாக, மாடு வளர்க்கும் ஒரு குடும்பத் தலைவி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வன அலுவலர் அவர்கள்.

பொருள்: பட்டி மாடுகள் குட்டையை அடைத்துக்கொள்வதால் மான்கள் ஊருக்குள் வந்து சாவது தொடர்பாக.

பார்வை: தை மாதமும் மாசி மாதமும் நேரில் கொடுத்த மனுக்கள்.

ஐயா, வணக்கம்.

எங்கள் பக்கம் தங்களுக்குத் தெரியாத இடமல்ல. மசினகுடி ரோட்டிலிருந்து பிரிந்து, ஆலமரம் தாண்டி மேட்டில் இருக்கும் அந்தக் குட்டையைத்தான் சொல்கிறேன். போன மழைக்கு முன்னால் தாங்களே ஜீப்பில் வந்து பார்த்தீர்கள்.

1. நானும் மாடு வைத்திருப்பவள்தான். இரண்டு கறவை, கட்டிப்போட்டுத் தீவனம் போடுகிறேன். வீட்டுக்கு ஒன்றிரண்டு வைத்திருப்பவர்கள் மீது எங்களுக்குப் புகார் இல்லை. சொல்ல வந்தது சாணிக்காகவே வளர்க்கும் பட்டி மாடுகளைப் பற்றி. முதலாளி வெளியூரில், மாடு இங்கே. காலையில் காட்டுக்குள் விடுகிறார்கள், பொழுது சாய்ந்ததும் பட்டியில் அடைக்கிறார்கள். இரவு போட்ட சாணி லோடு லோடாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறது. காட்டுப் புல் இப்படி லாரி ஏறினால் காட்டு மண்ணுக்கு எரு ஏது?

2. தண்ணீர்தான் ஐயா பெரிய வேதனை. மாசிக்கு மேல் ஓடை வற்றிவிடும். அந்தக் குட்டையும், டேங்கரில் தண்ணீர் விடும் சிமெண்ட் தொட்டியும்தான் மிச்சம். பத்து மணிக்கெல்லாம் பட்டி மாடுகள் இறங்கிவிடுகின்றன. ஒரு நாள் எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். புள்ளிமான்கள் உண்ணிப்புதர் ஓரம் காதை விறைத்துக்கொண்டு நிற்கும். மேய்க்கிறவரும் அவர் நாய்களும் போகிறவரை இறங்காது. கடமான் இருட்டிய பிறகுதான் வரும், அதற்குள் குட்டை வெறும் சேறு. அப்புறம் அவை எங்கே போகும்? என் வீட்டுக் கொல்லைக்கு வந்து மாட்டுத் தொட்டியில் குடிக்கின்றன. குடிக்கட்டும், தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் இல்லை நாங்கள். ஊர் நாய்கள் விடுமா?

போன வாரம் விடியக்காலை ஒரு சினை மான் முள்வேலியில் மாட்டிக்கொண்டது. நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் நாய்கள் பின்தொடையைப் பிய்த்துவிட்டன. என் வீட்டுக்காரர் தடியெடுத்து விரட்டினார். மான் எழுந்திருக்கப் பார்க்கும், முன்னங்கால் மடங்கி விழும், மறுபடி எழப் பார்க்கும். சாக்கை நனைத்து மேலே போட்டோம். வயிற்றுக்குள் குட்டி அசைவது சாக்குக்கு மேலேயே தெரிந்தது. வனத்துறைக்குப் போன் செய்து சொன்னதும் நாங்கள்தான். வந்தவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா ஐயா? வீட்டில் கத்தி எங்கே என்று! அன்று முழுக்க என் வீட்டுக்காரரை உட்காரவைத்து விசாரணை. நாய் கடித்த மானுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டுமாம், குட்டையை வளைத்துக்கொண்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. கோமாரி நோய். பிளவுக் குளம்புள்ள எதையும் அது பிடிக்கும். மாடும் மானும் காட்டெருமையும் வாய் வைப்பது ஒரே குட்டையில். பட்டி மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதை நாங்கள் பார்த்ததில்லை. 1968-ல் வெக்கை நோயில் முதுமலைக் காட்டெருமைகள் கொத்துக் கொத்தாய்ச் செத்ததை என் மாமனார் சொல்வார். அந்த வெக்கை 2011-ல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். கோமாரி ஒழியவில்லையே.

4. புல். கடமானாவது தழை கடித்துச் சமாளிக்கும். புள்ளிமானும் காட்டெருமையும் புல்லை நம்பியவை. மாடு மேய்ந்த இடத்தில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும்தான் செழிக்கின்றன.

5. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் மாடு மேய்க்கத் தடை போட்டது எங்களுக்கே தெரிகிறது. எங்கள் ஆடு ஒன்று வேலி தாண்டினால் ஃபாரஸ்ட் கார்டு உடனே வந்துவிடுகிறார். நூறு மாடு போகும்போது அவர் எங்கே போகிறார்? மரியாதை இல்லாமல் எழுதுவதாக நினைக்க வேண்டாம், எழுதி எழுதிச் சலித்துவிட்டது. வன உரிமைச் சட்டப்படி பழங்குடிகளுக்கு உள்ள மேய்ச்சல் உரிமையில் கை வைக்கச் சொல்லவில்லை. அவர்களும் நாங்களும் ஒரே குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, பட்டி மாடுகளைக் கணக்கெடுத்து, காதில் வில்லை போட்டு, தடுப்பூசி போட்டு, காட்டைவிட்டு வெளியேற்ற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால் சரி, ஆகட்டும். மழை வரும்வரை குட்டையில் மட்டுமாவது ஒரு வாட்சரை நிறுத்துங்கள். ஒரே ஒரு ஆள். குட்டையை மட்டுமாவது காப்பாற்றிக் கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக (கையெழுத்துகள் பின்பக்கம்)

பி.கு.: மனு பெற்றுக்கொண்டதற்கு ரசீதில் முத்திரை வைத்துத் தரவும். போன இரண்டு தடவையும் முத்திரை இல்லாததால் மனுவே வரவில்லை என்கிறார்கள்.