கோலிக்குண்டு பொறுக்கும் வசந்திக்கு

மயிலாடுதுறை
ஐப்பசி மழை விடாத ஒரு மத்தியானம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பாட்டியாகிவிட்ட செய்தியை மூன்றாம் பக்கத்தில் கொண்டுபோய் எழுதியிருக்கிறாயே, முதல் வரியில் எழுத என்ன கேடு? முதல் இரண்டு பக்கம் பூராவும் குதிகால் வலிப் புராணம்! சரி, பிரியாவுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். குழந்தைக்கு உன் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். பாவம் அது, விடு.

இப்போது குதிகாலுக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் தரையில் கோலிக்குண்டுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கால்விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொன்னாராம். "இந்த வயசில் கோலி விளையாட வைக்கிறார்கள்" என்று உனக்கு ஒரே மனத்தாங்கல். அடியே, அதே வேலையை நான் ஃபீஸ் கொடுக்காமல் வீட்டில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கீழே விழுந்ததை எடுப்பதற்கு எனக்குக் கால்தான். துண்டு, பேனா, துணி கிளிப், ஹேர்பின், பேரன் கழற்றி எறிந்த சாக்ஸ் என்று எதையும் விடுவதில்லை. பொருள் விழுந்ததும் யாரையாவது கூப்பிட்டுக் காத்திருப்பதைவிட இது எனக்குக் கௌரவமாக இருக்கிறது.

இதிலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும் (காலுக்கும் அதே வார்த்தைதான், வேறு என்ன சொல்ல?). துணி இருப்பதிலேயே சுலபம். ஐந்து விரலையும் அதன்மேல் வைத்து உள்ளே மடக்கினால் கொத்தாக வந்துவிடும். பேனாவுக்குப் பெருவிரலும் அடுத்த விரலும் போதும். கஷ்டமெல்லாம் காசுக்குத்தான். வழவழப்பான டைல்ஸ் தரையில் இரண்டு ரூபாய் நாணயம் விழுந்தால் எந்த விரலுக்கும் பிடி கொடுக்காது. அதைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சுவரோரம் தள்ளிப் போக வேண்டும். சுவரில் முட்டியதும் ஒரு பக்கம் லேசாக எழும்பும், அந்த நொடியில் விரலிடுக்கில் வாங்கிவிட வேண்டும். எடுத்த பிறகு அதைக் கையில் சேர்ப்பது அடுத்த வேலை. முன்பக்கமாகக் காலைத் தூக்கினால் எனக்கு இடுப்பு பிடிக்கிறது. அதனால் கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலைப் பின்னால் மடக்கி, மறு கையைப் பின்னால் கொண்டுபோய் வாங்கிக்கொள்கிறேன். எதையும் பிடிக்காமல் ஒற்றைக்காலில் நிற்கிற தைரியத்தை மட்டும் நீ காட்டாதே.

இதில் எனக்கு வாய்த்த ஒரே எதிரி மெட்டி. இரண்டாம் விரலில் வளையம் இருப்பதால் பேனா மாதிரி உருண்டையான பொருளை இறுக்கும்போது உலோகம் பெருவிரலைக் கடிக்கிறது. துணி எடுத்தால் நூல் மாட்டிக்கொள்கிறது. கழற்றி வைக்கலாமா என்று இவரிடம் கேட்டேன். "நான் இன்னும் இருக்கேன்" என்று ஒரு பதில். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் மாமியார் இருந்திருந்தால் இந்தக் கூத்துக்கு ஒரு பாட்டுப் பாடித் தீர்த்திருப்பார். துடைப்பத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாலே லட்சுமி போய்விடுவாள் அவருக்கு. நமக்கும் அதே வளர்ப்புதானே? புத்தகத்தில் கால் பட்டால் சரஸ்வதி, அரிசியில் பட்டால் அன்னலட்சுமி, பக்கத்தில் இருப்பவர்மேல் பட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இப்போதும் எனக்குப் பணத்தாளைக் காலால் எடுக்க மனம் வரவில்லை. நாணயத்துக்கு மட்டும் எப்படியோ விதிவிலக்கு கொடுத்துவிட்டேன். போன வாரம் பேரனின் பாடப்புத்தகம் விழுந்தது, வீட்டில் யாரும் இல்லை. காலாலேயே எடுத்துக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சரஸ்வதி இதை எந்தக் கணக்கில் எழுதினாளோ.

ஆனால் யோசித்துப் பார், அந்த விதி உண்மையில் யாருக்கு இருந்தது? உங்கள் வீட்டுக் களத்தில் புழுங்கல் நெல் காயும்போது உன் அத்தை என்ன செய்வார்? புடவையைக் கொசுவிச் சொருகிக்கொண்டு, காலைத் தரையோடு இழுத்து இழுத்து நெல்லைத் துழாவி விடுவார். களம் முழுக்கக் கோடு கோடாக விழும், அடியில் இருந்த ஈர நெல் மேலே வரும். அதே நெல் அரிசியாகிச் சமையலறைக்குள் வந்ததும் கால் படக்கூடாத பொருளாகிவிடும். அரிவாள்மணைப் பலகையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்துதான் சாமிக்குப் படைக்கிற பூசணிக்காயையும் நறுக்கினோம். பெருவிரலில் நூலை மாட்டிக்கொண்டு பூக்கட்டக் கற்றோமே, ஞாபகம் இருக்கிறதா? தலைக்கு வைக்கிற பூ என்றால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். சாமிக்கு என்றால் மட்டும் காலை எடு என்பாள். ஆசாரி தரையில் உட்கார்ந்து பலகையை இரண்டு காலாலும் கவ்விக்கொண்டு உளி பிடிப்பார். செருப்புத் தைக்கிறவர் தோலைக் கால்விரலில் இறுக்கிக்கொண்டு ஊசி குத்துவார். இவர்களிடம் போய்க் காலால் தொடாதே என்று யார் சொன்னார்கள்? வேலை என்று வந்துவிட்டால் கால் இன்னொரு கை, வேலை இல்லாத இடத்தில் மட்டும்தான் அது தீட்டு. எனக்கு இப்படித்தான் படுகிறது. உனக்கு வேறு மாதிரி தோன்றினால் சண்டை போட்டு எழுது.

விலங்கியல் டீச்சர் புத்தி போகுமா? கையில் 27 எலும்பு, காலில் 26. ஒன்றுதான் குறைச்சல். சிம்பன்சிக்குக் கால் பெருவிரல் நம் கைக் கட்டைவிரலைப்போல விலகி நின்று கிளையைப் பிடிக்கும். எத்தியோப்பியாவில் எலும்பாகக் கிடைத்த ஆர்டிபித்தெக்கஸ் என்ற ஆதி மனித இனம், 44 லட்சம் வருஷத்துக்கு முந்தையது, அதற்கும் விலகி நிற்கிற பெருவிரல்தான். இரண்டு காலில் நடப்பதே வாழ்க்கை என்று ஆனபோது நம் பெருவிரல் மற்ற நாலோடு வரிசையில் வந்து சேர்ந்துவிட்டது. பூமியை உந்தித் தள்ள அது வசதி, பிடிக்கத்தான் வசதியில்லை. ஆனாலும் மிச்சம் ஒன்று உன் வீட்டிலேயே இருக்கிறது. பேத்தி விழித்திருக்கும்போது அவள் உள்ளங்காலில், விரல்களுக்குச் சற்றுக் கீழே, உன் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திப் பார். ஐந்து விரலையும் மடக்கி உன் விரலைப் பிடிக்கப் பார்ப்பாள். எல்லாப் பச்சைக்குழந்தைக்கும் உண்டு. ஒரு வயதை ஒட்டி மறைந்துவிடும். குழந்தை நிற்கப் பழகுகிற காலமும் ஏறக்குறைய அதுதான்.

அதன் பிறகு நாம் காலைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். மணிப்பால் மருத்துவர்கள் இரண்டு பேர் 2300 குழந்தைகளின் பாதத்தைப் பரிசோதித்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம், திறந்த செருப்புக்குக் குறைவு. என் பேரனுக்கு எல்.கே.ஜி.யிலிருந்தே கறுப்பு ஷூ கட்டாயம். இந்த வெயிலில், இந்த மழையில், எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன். யூனிஃபார்ம் என்றார்கள். அவ்வளவுதான் காரணம். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்ற வைத்து, பாட்டிக்கும் பேரனுக்கும் போட்டி. யார் அதிகப் பென்சில் எடுக்கிறார்கள் என்று. அவன் ஜெயிக்கிறான். அவனுக்கு மெட்டி இல்லை.

உன்னைக் கோலி பொறுக்கச் சொன்னது இதற்குத்தான். குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான பட்டை ஓடுகிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது என்று எழுதினாயே, அந்தப் பட்டைதான் கத்துகிறது. விரலை மடக்கி மடக்கி வேலை வாங்கினால் பாதத்துக்குள் இருக்கிற சின்னத் தசைகள் தேறி, பாத வளைவைத் தாங்கும். தரையில் துண்டை விரித்து விரலால் சுருட்டி இழுக்கிற பயிற்சியும் அதே வகை. கெண்டைக்காலையும் நீட்டச் சொல்லியிருப்பாரே? கோலியில் மயங்கி அதை விட்டுவிடாதே, அதுதான் முக்கியம்.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. விரல் நுனியில் கோலி படுவது நன்றாகத் தெரிகிறதா? மரத்த மாதிரி இருந்தால் டாக்டரிடம் சொல். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது, சட்டென்று முடிந்துவிடும். பயிற்சி முடித்ததும் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்த்துக்கொள். ஊசி, பின், உடைந்த வளையல் எதையும் காலால் எடுக்கவே எடுக்காதே.

நீயும் நானும் இதை வலிக்காகவும் வசதிக்காகவும் செய்கிறோம். ஜம்மு காஷ்மீரத்து ஷீத்தல் தேவிக்கு அதுதான் கை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வாங்கினாளே, அந்தப் பெண். பிறவியிலேயே கைகள் இல்லை, அப்போது வயது 17. வலது காலால் வில்லைத் தூக்கி, நாணைத் தோளால் இழுத்து, தாடையால் விடுவிக்கிறாள். டி.வி.யில் எல்லாரும் அம்பு எங்கே குத்தியது என்று பார்த்தார்கள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லின் பிடியில் பாதம் போய் உட்காருகிற விதத்தில் ஒரு தடுமாற்றம், ஒரு தேடல் கிடையாது. அதற்கும் ஒரு விளக்கம் படித்தேன். 2019இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில், கைகள் இல்லாமல் பிறந்து காலால் ஓவியம் வரைகிற இரண்டு பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கால்விரல் ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனித்தனி இடம், அதுவும் வரிசையாக, நமக்குக் கைவிரல்களுக்கு இருப்பதைப்போல. கை உள்ளவர்களுக்குக் கால்விரல்கள் அப்படிப் பிரிந்து தெரியவில்லை. நாலாவது விரலைத் தனியாக அசைத்துப் பார், ஏன் என்று உனக்கே புரியும். என்னுடையது இன்றுவரை அசையமாட்டேன் என்கிறது, சுண்டுவிரலையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

வேறு என்ன? மாடியில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, கொத்தனார் மழை விடட்டும் என்கிறார், மழை விட்டால் அவர் வரமாட்டார். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இத்தனை நாள் தெரியாத ஒட்டடை எல்லாம் இப்போது தெரிகிறதாம், என் உயிரை எடுக்கிறார். தை பிறந்ததும் ஜனசதாப்தியில் கோயம்புத்தூர் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அவ்வளவு நேரம் உட்கார்ந்துகொண்டே வர இடுப்பு சம்மதிக்க வேண்டும்.

பிரியாவுக்காக அங்காயப் பொடி இடித்து வைத்திருக்கிறேன். தம்பி மகன் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். முதல் கவளம் சூடான சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து கொடு. கசக்கிறது என்பாள், விடாதே. டப்பாவைத் திருப்பி அனுப்பு, எவர்சில்வர்.

அன்புடன்,
கமலா